மானியம் தேடும் ஆசிரியருக்கு

"சார், எந்த ஸ்கீமுக்கு அப்ளை பண்ணலாம்?"

கல்லூரி ஆராய்ச்சிக் குழுவின் பொறுப்பில் இருந்த காலம் முழுவதும், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: "உங்க சப்ஜெக்ட்ல, நம்ம மாதிரி காலேஜ்ல இருக்குற யாருக்கெல்லாம் ப்ராஜெக்ட் கிடைச்சிருக்கு?" பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதிலைத் தேடிப் பிடிப்பதுதான் மானியம் தேடுவதில் முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

தென்மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்தவன் நான். எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு அறிவிப்புகள் வாட்ஸ்அப் வழியாகத்தான் வந்து சேரும். வரும்போது கடைசித் தேதிக்கு நான்கைந்து நாள்தான் மிச்சம் இருக்கும். அந்த அவசரத்தில் எழுதப்படும் விண்ணப்பம் தேறாது. யாருக்கு, எதற்கு, எந்தத் திட்டத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்பதை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அறிவிப்பு எப்போது வந்தாலும் கவலையில்லை.

எங்கே பார்ப்பது? உங்கள் துறையில் சமீபத்தில் வந்த ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில். நன்றி சொல்லும் பத்தியில் நிதி தந்த அமைப்பின் பெயரும் கோப்பு எண்ணும் இருக்கும். அந்த எண்ணையே படிக்கலாம். செர்ப் என்ற அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் கொடுத்த எண் 'டி.ஏ.ஆர்.' என்று தொடங்கினால் அது டேர் திட்டம், கல்லூரி ஆசிரியர்களுக்கானது. 'இ.இ.க்யூ.' என்றிருந்தால் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கான திட்டம். 'சி.ஆர்.ஜி.' என்றால் எல்லோருக்கும் பொதுவான கோர் ரிசர்ச் கிராண்ட். அடுத்து வருவது ஆண்டு. இப்படி ஒரு மாலை நேரம் உட்கார்ந்து குறித்தால், உங்கள் துறையில் பணம் எந்த வழியில் வருகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்களில் பலர் பதில் எழுதுவார்கள். சிலர் தங்கள் விண்ணப்பத்தையே அனுப்பி உதவுவார்கள். எனக்கு அப்படி வந்த ஒரு விண்ணப்பம் எத்தனையோ பயிலரங்குகளைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது.

செர்ப் இப்போது தனியாக இல்லை. 2023-இல் நிறைவேறிய சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது ஏ.என்.ஆர்.எஃப்., வந்து அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. சி.ஆர்.ஜி. இருந்த இடத்தில் இப்போது அட்வான்ஸ்டு ரிசர்ச் கிராண்ட் இருக்கிறது. பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பிரதமர் பெயரில் தொடக்கநிலை ஆய்வு மானியம் இருக்கிறது. பழைய குறிப்புகளை வைத்து விண்ணப்பிக்காமல் ஒவ்வொரு முறையும் அந்த ஆண்டு அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்.

பொதுவான திட்டங்களில் ஐ.ஐ.டி., மத்திய ஆய்வகங்களில் இருப்பவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அவர்களிடம் இருக்கும் கருவியும் ஆய்வு மாணவர்களும் நம்மிடம் இல்லை. அதனால் நமக்கென்றே பிரித்து வைத்த திட்டங்களை முதலில் பாருங்கள். செர்ப் கொண்டுவந்த ஷ்யூர் திட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உரியது. டேர் திட்டத்தை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். கல்லூரி வேலையை விடாமலே, பக்கத்திலுள்ள பெரிய ஆய்வு நிறுவனத்தில் ஆண்டுக்கு 90 நாளாவது போய் வேலை செய்ய அது வழி செய்தது. செர்ப் காலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய். அதை இரு நிறுவனங்களும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆசிரியருக்குத் தனியாக ஆண்டுக்கு 60,000 ரூபாய். தொகையைவிட அந்த 90 நாள்தான் பெரிது. ஒரு நல்ல ஆய்வகத்தின் கருவிகளும் அங்கிருப்பவர்களின் நட்பும் கிடைக்கின்றன. அடுத்த விண்ணப்பத்தில் இணை ஆய்வாளராகச் சேர அங்கே ஒருவர் இருப்பார்.

ஒரேயடியாகப் பெரிய தொகைக்குப் போக வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம் மற்ற இரு தேசிய அறிவியல் கழகங்களோடு சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையை மாணவர்களுக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம், நாடறிந்த ஓர் ஆய்வாளரோடு. இயற்பியல் ஆசிரியர்களுக்குப் புனேயில் உள்ள அயூக்கா மையத்தின் வருகை இணைப்பாளர் திட்டம் இருக்கிறது.

மொழி, வரலாறு, சமூக அறிவியல் படித்தவர்கள் "நமக்கு யார் சார் பணம் கொடுப்பாங்க" என்று சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோர்வுக்குக் காரணமே இல்லை. 1969-இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் சிறிய, பெரிய ஆய்வுத் திட்டங்களுக்கும் முதுநிலை உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பம் கேட்கிறது. வரலாற்றுக்கும் மெய்யியலுக்கும் தனித்தனி மன்றங்கள் உண்டு. சிம்லாவில் குடியரசுத் தலைவர் மாளிகையாக இருந்த பழைய வைஸ்ராய் மாளிகையில் இயங்கும் உயர் ஆய்வு நிறுவனம், கல்லூரி ஆசிரியர்களை இணைப்பாளர்களாக எடுத்து, ஒரு முறைக்கு ஒரு மாதம் வீதம் மூன்று ஆண்டுகளில் மூன்று முறை தங்கிப் படிக்கவும் எழுதவும் விடுகிறது. நீண்ட விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம்விட ஒன்றை நான் தமிழ், வரலாற்றுத் துறையினரிடம் விடாமல் சொல்லிவருகிறேன். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழியும் ஆவணங்களைப் படமெடுத்துக் காக்கும் திட்டத்துக்கு நிதி தருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இதன் மூலம் ஊர்ப் பஞ்சாயத்து வழக்குப் பதிவுகளையும், தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ புகைப்படங்களையும் மின்வடிவில் சேகரித்தது. முதலில் சுருக்கமான விண்ணப்பம், அது தேறினால் விரிவான விண்ணப்பம் என்று இரண்டு கட்டம். நிதி பெற்ற எல்லாத் திட்டங்களின் விவரமும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. உங்கள் ஊரில் எந்த வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி இருக்கிறது, எந்த மடத்தில் கணக்கேடு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். டெல்லியில் இருக்கும் பேராசிரியருக்குத் தெரியாது. நம் பலம் அங்கேதான்.

அறிவியலுக்கும் அதுவே பொருந்தும். "நன்னீர் உயிரினப் பன்மை" என்று பொதுவாக எழுதினால் மதிப்பீட்டாளர் நூறு விண்ணப்பத்தில் அதையும் ஒன்றாகப் பார்ப்பார். தாமிரபரணிப் பாசனக் குளம் ஒன்றில் ஆகாயத்தாமரை படர்ந்த பிறகு நாட்டு மீன்கள் என்னவாயின என்று கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். முதல் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்க வேண்டும். அதற்குமுன் உலகம் முழுவதும் செய்த வேலையைப் பத்துப் பத்தியில் சொல்ல வேண்டாம்.

பட்ஜெட்டைக் கணக்குப் போட்டு எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000. இரண்டு ஆண்டு முன்னதும் ஓராண்டு பின்னதுமாக ஒரே ஒருவரை வைத்தாலே, வீட்டு வாடகைப்படி இல்லாமல் 13,92,000 ரூபாய் ஆகிறது. 30 லட்ச ரூபாய்த் திட்டத்தில் ஏறத்தாழ பாதி அங்கேயே போய்விடும். மீதியில் பெரிய கருவி வாங்க ஆசைப்பட முடியாது. கருவி வேண்டுமென்றால் துறையாகச் சேர்ந்து ஃபிஸ்ட் திட்டத்துக்கோ, உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் கல்லூரித் திட்டத்துக்கோ போவது சரி.

யாரும் பேசாத இடம் அலுவலகம். உங்கள் கல்லூரிக்கு யு.ஜி.சி.யின் 2(எஃப்), 12(பி) அங்கீகாரக் கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது, பி.எஃப்.எம்.எஸ். பதிவு நடப்பில் இருக்கிறதா, தனியார் நிறுவனமென்றால் தர்பன் எண் எடுத்திருக்கிறார்களா என்பதை ஜூன் மாதமே அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கேட்டு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் முதல்வர் ஊரில் இல்லாமல் ஒப்புதல் கடிதம் நின்றுபோன விண்ணப்பங்கள் ஏராளம். பணம் வந்த பிறகும் அலுவலகத்தினரே துணை. 12-ஏ படிவத்தில் தரும் பயன்பாட்டுச் சான்றும் செலவு அறிக்கையும் நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. ஆய்வு மாணவருக்குச் சம்பளம் நின்றுவிடும். முதல் தவணை வந்த அன்றே கணக்கரோடு உட்கார்ந்து, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு உதவித்தொகைகளில் ஃபுல்பிரைட்–நேரு, ஜெர்மனியின் டாட், ஹம்போல்ட், பிரிட்டனுக்குப் போகச் சார்லஸ் வாலஸ் ஆகியவை நம்பகமானவை. ஹம்போல்டுக்குக் கடைசித் தேதியே கிடையாது; ஆண்டின் எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே வரவேற்கும் பேராசிரியர் ஒருவர் முதலில் வேண்டும், இங்கே தடையின்மைச் சான்றும் விடுப்பு ஆணையும் வேண்டும். இரண்டுமே மாதக்கணக்கில் ஆகும். ஓராண்டு முன்பே தொடங்குங்கள்.

கல்லூரி முதல்வர்களிடமும் செயலர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது யு.ஜி.சி. வகுத்தது. அதற்கு மேல் நாக் கோப்பும், சேர்க்கைப் பணியும், தேர்வுப் பணியும் ஏற்றிவிட்டு ஆராய்ச்சி ஏன் நடக்கவில்லை என்று கேட்பது நியாயமில்லை. மானியம் வாங்கிவந்த ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு முழு நாளையாவது ஒழித்துக் கொடுங்கள். மானியம் பெற்ற ஆசிரியர்களே, உங்கள் விண்ணப்பத்தையும் மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்புகளையும் கல்லூரி நூலகத்தில் ஒரு கோப்பாக வையுங்கள். அடுத்து வருகிறவர் அதைப் படித்துவிட்டுத் தொடங்கட்டும்.