எதிரே நிற்கும் எலிமெண்ட் எக்ஸ்பாத்துக்கு ஏன் தெரிவதில்லை?

ஆட்டம் ஃபீடைத் திறந்தால் ‘என்ட்ரி’ எலிமெண்ட்டுகள் வரிசையாக நிற்கின்றன. ‘//என்ட்ரி’ என்று எக்ஸ்பாத்தில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை, பிழைச்செய்தியும் வராது. எக்ஸ்எஸ்எல்டி கற்கும் இளையவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

அந்தக் கோப்பின் உச்சியில், முன்னொட்டு இல்லாமல் ஒரு நேம்ஸ்பேஸ், ஒரு முகவரியின் வடிவில், அறிவிக்கப்பட்டிருக்கும். உள்ளே முன்னொட்டின்றி வரும் எலிமெண்ட்டுகள் எல்லாம் அதற்குச் சொந்தம். ஆனால் 1999இல் வந்த எக்ஸ்பாத் 1.0 விதிப்படி, முன்னொட்டில்லாத பெயர் என்றால் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத பெயர். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

உங்கள் ஸ்டைல்ஷீட்டில் ஒரு முன்னொட்டை, ‘ஏ’ என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் நேம்ஸ்பேஸின் முகவரியோடு இணைத்து ‘//ஏ:என்ட்ரி’ என்று தேடுங்கள். ஃபீடில் அந்த முன்னொட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். பார்க்கப்படுவது முகவரியும் பெயரும்தான். முன்னொட்டு அவரவர் வசதிக்கு. முகவரி மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ‘ஹெச்டிடிபி’ இருக்கும் இடத்தில் பாதுகாப்புக்காக ஓர் ‘எஸ்’ சேர்த்தால் அது வேறு நேம்ஸ்பேஸ். அதனால் கையால் அடிக்காமல் கோப்பிலிருந்தே நகலெடுக்கச் சொல்வேன்.

நேம்ஸ்பேஸைப் பாராமல் பெயரை மட்டும் ஒப்பிட ‘லோக்கல்-நேம்()’ போட்டுத் தப்பிக்கும் குறுக்குவழி பரவலாக இருக்கிறது. அவசரச் சோதனைக்குச் சரி. நிலைத்து ஓட வேண்டிய நிரலில் எனக்கு அது அறவே பிடிக்காது. யூடியூப் சேனல் ஃபீடை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆட்டத்தின் ‘டைட்டில்’ ஒன்று, மீடியா நேம்ஸ்பேஸின் ‘டைட்டில்’ இன்னொன்று. லோக்கல்-நேம் கொண்டு ஆவணம் முழுக்கத் தேடினால் இரண்டும் சேர்ந்து வந்து, ஒவ்வொரு காணொளியின் தலைப்பும் இரட்டிக்கும். இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தானே நேம்ஸ்பேஸே வந்தது!

2007இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0இல் ‘எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ்’ இருக்கிறது. ஒருமுறை குறித்துவிட்டால் ‘என்ட்ரி’ என்று வெறுமனே எழுதலாம். எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற கருவி எக்ஸ்எஸ்எல்டி 1.0 மட்டுமே அறியும். அங்கே முன்னொட்டுதான் வழி.

அட்ரிபியூட் கதை வேறு. முன்னொட்டில்லாத அட்ரிபியூட் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராது. ஆகவே ‘ஏ:லிங்க்/@ஹெச்ரெஃப்’ என்பதே சரி. ஹெச்ரெஃபுக்கும் ‘ஏ:’ போட்டால் வெறுங்கைதான்.

தேடியதை எக்ஸ்எஸ்எல்டி கொண்டு மாற்றி எழுதும்போது, வெளியீட்டில் தேவையற்ற நேம்ஸ்பேஸ் அறிவிப்புகள் ஒட்டிக்கொண்டு வரும். ஸ்டைல்ஷீட்டில் நீங்களே எழுதிய எலிமெண்ட்டுகளோடு வருபவற்றை ‘எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-ப்ரீஃபிக்சஸ்’ நீக்கும். ‘காப்பி-ஆஃப்’ கொண்டு நகலெடுத்தவற்றிடம் அது செல்லாது. நேம்ஸ்பேஸ் அந்த எலிமெண்ட்டின் பெயரிலேயே இருக்கிறது. அதைக் கழற்ற, ‘எக்ஸ்எஸ்எல்:எலிமெண்ட்’ கொண்டு நேம்ஸ்பேஸ் இல்லாமல் அதே லோக்கல்-நேமில் புதிதாக ஒன்றை உருவாக்கி, அட்ரிபியூட்டுகளையும் பிள்ளைகளையும் அதனுள் கொண்டுவர வேண்டும்.