கலங்கல் ஓட்டங்களும் ஆழ்கடல் அகழிகளும்

மாணவர்களே, மழை நாட்களில் மாத்தளை நகரினூடாகப் பாயும் சுது கங்கை செந்நிறமாக மாறுவதை அவதானித்திருப்பீர்கள். அது மலைச்சரிவுகளிலிருந்து அரிக்கப்பட்ட மண்ணின் நிறமாகும். சுது கங்கை அம்பன் கங்கையுடனும், அம்பன் கங்கை மகாவலியுடனும் கலக்கின்றன. வழியிலுள்ள போவதென்ன, மொரகஹகந்த நீர்த்தேக்கங்களில் பருமனான துணிக்கைகள் படிந்துவிடும். நுண்ணிய வண்டலின் ஒரு பகுதி, மகாவலி கடலை அடையும் கொட்டியாரக் குடா வரை செல்லும். அம்மண்ணின் பயணம் அங்கும் முடிவதில்லை.

1. கலங்கல் ஓட்டம் என்றால் என்ன?

கொட்டியாரக் குடாவில் தொடங்கும் திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு 3000 மீற்றருக்கும் கூடிய ஆழத்துக்கு இறங்குகின்றது. இத்தகைய சாய்வுகளில் குவிந்துள்ள அடையல், புவிநடுக்கம், புயல், வெள்ளப்பெருக்கு ஆகியவற்றால் குலைந்து நீருடன் கலக்கலாம். அச்சேற்றுநீர் சூழவுள்ள நீரிலும் அடர்த்தி கூடியது. எனவே புவியீர்ப்பினால் கடலடியை ஒட்டிக் கீழ்நோக்கிப் பாயும். இதுவே கலங்கல் ஓட்டமாகும். செல்லும் வழியில் அடித்தளத்தை அரித்து மேலும் மண்ணைச் சேர்ப்பதால் இதன் வேகம் கூடவும் கூடும்.

செய்து பாருங்கள்: நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியைச் சற்றுச் சாய்த்து, உயர்ந்த பக்கத்தில் சேற்றுநீரை மெதுவாக ஊற்றுங்கள். அது அடியை ஒட்டி இறங்குவதைக் காண்பீர்கள்.

2. அகழியினுள் நடப்பது

அ) சாய்வு முடிந்து அடித்தளம் சமமாவதால் வேகம் குறையும்.
ஆ) எதிர்ச்சுவரை ஏறிக் கடக்க இயலாத ஓட்டம் திரும்பி, அகழியின் நீளப்பாட்டில் பாயும்.
இ) பருமனான மணல் முதலிலும் நுண்ணிய களி இறுதியிலும் படியும். ஆகவே ஒவ்வொரு படையிலும் கீழே மணலும் மேலே களியும் காணப்படும்.

2011 மார்ச் 11 புவிநடுக்கத்தின் பின்னர் ஜப்பான் அகழியில் இவ்வாறான புதிய படைகள் கண்டறியப்பட்டன. எழுத்துப் பதிவு இல்லாத பண்டைய புவிநடுக்கங்களை அறியவும் இப்படைகள் உதவுகின்றன. 2004 சுனாமியால் பெரிதும் பாதிக்கப்பட்ட நமக்கு இவ்வறிவு மிக அவசியமானது.

3. வேகத்தை அறிந்தது எவ்வாறு?

1929 நவம்பர் 18 இல் கனடாவின் நியூபவுண்லாந்துக்குத் தெற்கே 7.2 பருமனுடைய புவிநடுக்கம் ஏற்பட்டது. கடலடித் தந்தி வடங்கள் 12 அறுந்தன. அண்மையிலிருந்தவை உடனேயும், ஆழத்திலிருந்தவை ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 13 மணித்தியாலங்கள் வரையும் அறுந்தன. வடங்களுக்கிடையிலான தூரத்தையும் நேரத்தையும் கொண்டு, மணிக்கு 60 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகம் கணிக்கப்பட்டது. 1952 இல் ஹீசன், யூயிங் ஆகியோர் இதற்குக் கலங்கல் ஓட்டமே காரணமென விளக்கினர். இன்றைய இணைய வடங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. 2020 ஜனவரியில் ஆபிரிக்காவின் கொங்கோ கடலடிப் பள்ளத்தாக்கில் 1000 கிலோமீற்றருக்கும் மேல் பாய்ந்த ஓட்டம் இணைய வடங்களை அறுத்தது.

மாதிரி வினாக்கள்

1. கடலடிப் பள்ளத்தாக்கையும் அகழியையும் வேறுபடுத்துக.
விடை: பள்ளத்தாக்கு கண்டச் சாய்வை ஊடறுத்து, ஆழ்கடலை நோக்கி இறங்கும். அகழி, ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் எல்லையில் நீண்டு கிடக்கும். இலங்கைக் கரையோரத்தில் அகழி இல்லை. அண்மையிலுள்ளது இந்தோனேசியாவை அடுத்த சுண்டா அகழியாகும்.

2. மேற்பரப்பு நீரோட்டத்திலிருந்து கலங்கல் ஓட்டம் வேறுபடுவது எவ்வாறு?
விடை: முன்னையதைப் பிரதானமாகக் காற்றுச் செலுத்துகின்றது. பின்னையதை, அடையலால் கூடிய அடர்த்தியும் புவியீர்ப்பும் செலுத்துகின்றன.

3. மலைநாட்டில் மண்ணரிப்பைத் தடுப்பது ஏன் அவசியம்?
விடை: அரிக்கப்பட்ட மண் நீர்த்தேக்கங்களின் கொள்ளளவைக் குறைக்கும். ஆழ்கடலை அடைந்த மண்ணை மீண்டும் பயிர்நிலத்துக்குக் கொண்டுவர முடியாது.