ஆணைவரியும் அமானிதமும்

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பகுதியில் பட்டாசு மருந்து கலக்கும் தொழிலாளர், சிறு உராய்வும் பெருந்தீயாகும் என்பதை அறிவர். கணிப்பொறியின் ஆணைவரியில் முதன்முதலாக அமரும் மாணவர்க்கும் அத்தகைய எச்சரிக்கை வேண்டும்.

படக்குறிகளைச் சுட்டாமல், சொற்களைத் தட்டச்சு செய்து கணிப்பொறியை இயக்கும் முறையே ஆணைவரி. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் இம்முறையை வளர்த்தது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் அவ்வழி வந்ததே.

நிற்குமிடம் அறிதலே முதற்பாடம். விருதுநகர் மாவட்டம், அதனுள் சிவகாசி வட்டம், அதனுள் விஸ்வநத்தம் என முகவரி அமைவதுபோல், கணிப்பொறியிலும் கோப்புறைக்குள் கோப்புறை அடங்கியுள்ளது. 'பிடபிள்யூடி' என்னும் ஆணை நாம் நிற்கும் கோப்புறையைக் கூறும், 'எல்எஸ்' அங்குள்ளவற்றைப் பட்டியலிடும், 'சிடி' வேறு கோப்புறைக்கு அழைத்துச் செல்லும், 'சிபி' படியெடுக்கும், 'ஆர்எம்' அழிக்கும்.

இவற்றுள் இறுதியானதே இடர் மிக்கது. உடுக்குறி எந்தப் பெயருக்கும் ஈடாக நிற்பது. 'ஆர்எம்' ஆணையில் உடுக்குறியை ஒட்டி '.டிஎக்ஸ்டி' என்றெழுதினால், அவ்வாறு முடியும் உரைக்கோப்புகள் மட்டுமே அழியும். இரண்டிற்குமிடையே தவறி ஓர் இடைவெளி விழுமாயின், உடுக்குறி தனித்து நின்று, மறைகோப்புகள் நீங்கலாக அக்கோப்புறையின் கோப்புகள் அனைத்தையும் அழித்துவிடும். கணிப்பொறி பெரும்பாலும் மறுவினா எழுப்பாது. அழிந்தவை குப்பைக்கூடைக்கும் செல்வதில்லை.

இதற்குக் காப்பு மூன்று. முதலாவது, வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல். இரண்டாவது, அழிக்க எண்ணும் பெயரை முதலில் 'எல்எஸ்' ஆணைக்குக் கொடுத்து, வரும் பட்டியலைப் படித்துப் பார்த்தல். மூன்றாவது, 'ஆர்எம்' ஆணையுடன் சிறுகோடும் 'ஐ' எழுத்தும் சேர்த்தல். அப்போது ஒவ்வொரு கோப்பையும் அழிக்குமுன் கணிப்பொறி நம் இசைவைக் கேட்கும்.

கற்கும் நாளில் அழிவது நம் பயிற்சிக் கோப்பாக இருக்கலாம். பணியேற்ற பின்னரோ, தொழிலாளரின் ஊதியப் பட்டியலும் நோயாளரின் மருத்துவக் குறிப்பும் நம் விரல்நுனியில் இருக்கும். அவை நமக்குரியவை அல்ல. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம். ஆணையைத் தட்டச்சு செய்தபின், அதனை நிறைவேற்றும் விசையை அழுத்துமுன், ஒருமுறை நிதானித்துப் படிப்பதும் அமானிதம் பேணுவதேயாகும். அந்நிதானத்தை வல்ல இறைவன் நம் மாணவச் செல்வங்களுக்கு நல்குவானாக!