ரத்தத்திலிருந்து மூளைச் செல் வருமா?

கேள்வி: என் தம்பிக்குப் பல வருடங்களாக மனச்சிதைவு நோய். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் காட்டுகிறோம். ஆராய்ச்சிக்காக அவனிடமும் என்னிடமும் ரத்தம் கேட்டார்கள். அதிலிருந்து மூளைச் செல்லை வளர்ப்பார்களாம். ரத்தத்தில் ஏது மூளை? அது யோசிக்குமா?

– வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள், அம்மா.

ரத்தத்தோடு மூளைச் செல்கள் ஓடுகின்றன, அவற்றைப் பிரித்தெடுப்பார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. உட்கரு உள்ள செல் ஒவ்வொன்றிலும் முழு உடலுக்கான மரபணுக்களும் இருக்கின்றன. தன் வேலைக்கு வேண்டியதை மட்டும் செல் இயக்கும், மற்றவை உறங்கும். நான்கு மரபணுக்களை இயக்கினால் வளர்ந்த செல்லும் கருப்பருவத்துக்குத் திரும்பும் என்று ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும், 2007இல் மனிதச் செல்லிலும் காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். இப்படிக் கிடைப்பது ஸ்டெம் செல். அதாவது எந்த உறுப்பின் செல்லாகவும் மாறவல்ல மூலச்செல். சிவப்பணுவில் உட்கரு இல்லாததால் இதற்கு வெள்ளையணு வகைகளே உதவும்.

மூலச்செல்லுக்கு உரிய ஊட்டம் கொடுத்தால் நரம்புச் செல்லாகும். உருண்டையாகத் திரளவிட்டால் அடுக்கடுக்காகத் தானே அமைந்து மூளைத் திசுவைப் போல வளரும். அதுதான் ஆர்கனாய்டு, சிற்றுறுப்பு. வியன்னாவில் மேட்லின் லங்காஸ்டர் குழுவினர் 2013இல் இதைச் செய்து காட்டினார்கள்.

இது யோசிக்கும் அளவுக்கு வளர்ந்ததல்ல. நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். இதுவோ மிளகளவு, சில மில்லிமீட்டர்தான். ரத்தக்குழாய் இல்லாததால் நடுப்பகுதிக்குப் பிராணவாயு எட்டாது. அதனால் அதற்கு மேல் பெரிதாகாது. செல்களுக்கிடையே மின்துடிப்பு உண்டு. ஆனால் கண், காது, உடல் எதனோடும் இணைப்பு இல்லை.

பிறகு எதற்கு? உயிரோடு இருப்பவரின் மூளையைத் திறந்து செல்லை எடுத்துப் பார்க்க முடியாது. எலியின் மூளை மனித மூளையாகாது. அங்கேதான் இவை உதவுகின்றன. எடுத்துக்காட்டாக, ஜிகா வைரஸ் கருவின் நரம்பு மூலச்செல்களை அழிப்பதை 2016இல் இந்த உருண்டைகளில்தான் நேரில் கண்டார்கள். நிமான்ஸ், என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் ஆகிய பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனங்களும் 2016 முதல், பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களின் ரத்தத்திலிருந்து மூலச்செல்களை உருவாக்கி ஆராய்கின்றன. உங்களிடமும் கேட்டதன் காரணம் இப்போது புரியும்: உடன்பிறந்தவர்களுக்கு மரபணுக்களில் பெரும்பங்கு பொது என்பதால், நோயோடு தொடர்புடைய வேறுபாட்டைத் தேடுவது எளிது.

ஆய்வகத் தட்டில் வளர்ந்த உருண்டை கருவின் மூளையை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கவும் ஓர் அளவுகோல் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட ‘தரணி’, கருவின் மூளையை 5,132 வெட்டுப்படங்களில் காட்டும் வரைபடம். அத்தகைய ஒப்பீட்டுக்கு அது கைகொடுக்கும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். நீங்கள் கொடுக்கும் ரத்தம் ஆராய்ச்சிக்கு. தம்பிக்கு உடனடி சிகிச்சை அல்ல. ஒப்புதல் படிவத்தில் புரியாததை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்டெம் செல்லால் மனநோயைக் குணமாக்குகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் அதை அனுமதிக்கவில்லை. மருத்துவர் சொல்லாமல் தம்பியின் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.