வந்தே பாரத்தில் போகிறீர்களா?

சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி, 2019 பிப்ரவரியில் டெல்லி–வாரணாசி பாதையில் முதலில் ஓடிய ரயில் இது. மணிக்கு 160 கி.மீ. வரை போகும், நம் பக்கத்துப் பாதைகளில் அந்த வேகம் கிடையாது. பழைய எக்ஸ்பிரஸில் பழகியவர்கள்தான் இதில் தடுமாறுகிறார்கள்.

1. வழியனுப்ப வந்தவர்கள் உள்ளே ஏறவே வேண்டாம். கதவு தானாக மூடிக்கொள்ளும். பிறகு தட்டினாலும் கெஞ்சினாலும் திறக்காது. செல்ஃபி எடுக்க ஏறி, அடுத்த நிறுத்தம்வரை போய் இறங்கியவர்கள் உண்டு. அது பக்கத்து ஊராகவும் இருக்காது! மாப்பிள்ளையாகவே இருந்தாலும் டாட்டா பிளாட்பாரத்திலிருந்துதான்.

2. வழியில் பல ஊர்களில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். பத்து நிமிடம் முன்பே மூட்டைகளை இறக்கி வைத்து, பெரியவர்களை முதலில் கதவருகே அனுப்புங்கள்.

3. ஜன்னல் திறக்காது. முறுக்கு, கடலைமிட்டாய் எல்லாம் ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். எனக்கு இந்த ரயிலில் இருக்கும் ஒரே மனக்குறை இதுதான்.

4. டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாடு வேண்டாம் என்று குறிப்பிட்டால் கட்டணம் குறையும். கட்டுச்சோற்றுக்கு, நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் புரட்டிய இட்லியை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒழுகாது, சிந்தாது, மணமும் ஊரைக் கூட்டாது. கருவாட்டுக் குழம்பு வேண்டவே வேண்டாம். மூடிய ஏசி பெட்டியில் எழுபது பேருக்கும் பரிமாறியதுபோல் ஆகிவிடும்.

5. சேர் காரில் இருக்கையைத் திருப்ப முடியாது. பாதிப் பேர் பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்கள் இஞ்சி மரப்பா வைத்துக்கொள்ளுங்கள். எக்சிக்யூட்டிவ் வகுப்பில் இருக்கை முழுதாகச் சுழலும்.

6. ஐந்து வயது நிரம்பிய பிள்ளைக்கு முழு டிக்கெட். அரை டிக்கெட் கிடையாது.

7. பெரிய சூட்கேஸ் ஒன்றைவிட நடுத்தரப் பை இரண்டு மேல். தலைக்கு மேலுள்ள தட்டில் சுலபமாக அடங்கும்.

8. இழுக்கச் சங்கிலி இல்லை. அவசரம் என்றால் ஓட்டுநரிடமே பேசும் கருவி பெட்டியில் இருக்கிறது. அது எங்கே என்று ஏறியதும் பார்த்துவையுங்கள். வாண்டுகளுக்கு மட்டும் காட்டிவிடாதீர்கள்.

9. உட்கார்ந்து போகும் பெட்டிகளில் போர்வை தரமாட்டார்கள். ஏசி மதியத்திலும் நடுக்கும். பருத்தித் துண்டு ஒன்றைக் கைப்பையில், எட்டும் இடத்தில் வையுங்கள்.