பயம் போனபிறகு படிக்கலாம்னு இருக்கீங்களா?

ஸ்டடி லீவ் ஆரம்பித்து மூன்றாம் நாள் ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு நடை நடந்து பாருங்கள். பாதி அறைகளில் புத்தகம் திறந்திருக்கும், பக்கத்து லேப்டாப்பில் ஏதோ ஒரு சீரிஸ் ஓடிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் கொரியன். இப்போது நம்மில் சிலர் ஜப்பானிய டிராமா பக்கம் போயிருக்கிறோம், அதிலும் மனநல மருத்துவர் கதைகள். "படிக்காம என்னடா இது?" என்று கேட்டால் "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு மச்சி, ஒரே ஒரு எபிசோடு" என்று பதில் வரும்.

அந்த ஒரே ஒரு எபிசோடைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த டிராமாக்கள் வரும் அதே நாட்டில், சுமார் 125 வருஷத்துக்கு முன்னால், பரீட்சை நேரத்தில் நெஞ்சு படபடத்துக் கிடந்த ஒரு மாணவர் இருந்தார். பின்னாளில் அவர் ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கினார். அவர் கதை நமக்கு நேரடியாக உதவும்.

முதலில் டிராமா. என்.எச்.கே. 2024-ல் ஒளிபரப்பிய 'ஷ்ரிங்க்' ஒரு மங்காவிலிருந்து எடுத்தது, மொத்தமே மூன்று எபிசோடுதான். மனநல மருத்துவரை அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஷ்ரிங்க் என்பார்கள். இதில் வரும் டாக்டரின் பெயர் யோவாய். அந்த ஒலிக்கு ஜப்பானிய மொழியில் 'பலவீனமான' என்று அர்த்தம். மனநல டாக்டருக்கு அப்படி ஒரு பெயர் வைத்த குறும்பு எனக்குப் பிடித்தது. முதல் எபிசோடு பேனிக் டிஸார்டர் பற்றியது. தனியாகக் குழந்தையை வளர்க்கும் ஒரு அம்மாவுக்கு ரயிலில் போகும்போது திடீரென்று மூச்சு முட்டுகிறது, இதயம் தாறுமாறாக அடிக்கிறது, செத்துப்போய்விடுவோம் என்றே தோன்றுகிறது.

பரீட்சை ஹால் வாசலில் நிற்கிற நமக்கு வருவது பெரும்பாலும் இதன் சின்னத் தம்பிதான். பீச் ரோட்டில் நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யுமோ, அதையேதான் கொஸ்டின் பேப்பரைப் பார்த்தும் செய்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதுவரை பிரச்சினை இல்லை. "ஐயோ, நெஞ்சு இப்படி அடிக்குதே" என்று அதையே கவனிக்க ஆரம்பிக்கும்போதுதான் வினை. கவனித்தால் சத்தம் கூடுகிறது. கூடியதால் இன்னும் கவனிக்கிறோம். நம்ம ஈ.சி.இ. ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இது பாசிட்டிவ் ஃபீட்பேக். கல்ச்சுரல்ஸ் மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கீ...' என்று அலறுமே, அதேதான்.

(நம் ஊர்ப் பெயருக்கும் பரீட்சை பயத்துக்கும் பழைய உறவு உண்டு. இங்கே வெயில் காரணமாக, பிரெஞ்சு லிசேயில் பக்கலோரேயா தேர்வை முன்பெல்லாம் பிரான்சைவிட முன்னதாகவே நடத்தி வந்தார்கள். அதனால் பிரான்சில் உள்ள மாணவர்கள் 'பாண்டிச்சேரி கொஸ்டின் பேப்பர்' என்ன வந்தது என்று பல வருஷம் தேடித் தேடிப் பார்த்தார்கள். பாரிஸில் ஒரு பையன் நம் ஊர் பெயரைச் சொல்லி ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறான்!)

இப்போது அந்த மாணவருக்கு வருவோம். பெயர் மொரிதா ஷோமா. 1874-ல் கோச்சி பகுதியில் பிறந்தவர். சின்ன வயதில் ஒரு கோயிலில் நரகத்தின் ஓவியத்தைப் பார்த்து அரண்டுபோய், சாவு பயம் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர். 1898-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். சேர்ந்தாரே தவிர படிக்க முடியவில்லை. படபடப்பு, சோர்வு, உடம்பில் ஏதோ பெரிய வியாதி என்ற எண்ணம். டாக்டர்கள் பார்த்துவிட்டு நியூராஸ்தீனியா, பெரிபெரி என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். நியூராஸ்தீனியா என்றால், நம்ம ஊர் சுவர் விளம்பரங்களில் இன்றைக்கும் இருக்கிற அதே 'நரம்புத் தளர்ச்சி'.

பரீட்சை நெருங்கியது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து வர வேண்டிய பணம் வரவில்லை. அப்பா வேண்டுமென்றே அனுப்பவில்லை என்று நினைத்த மொரிதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "சரி, இப்படியே படிச்சுச் செத்துப்போறேன், அப்ப தெரியும் அவருக்கு" என்கிற மாதிரி ஒரு வீம்பு. மருந்தை நிறுத்தினார், ஓய்வை நிறுத்தினார், வெறி பிடித்தவர் மாதிரி படித்தார். பரீட்சையில் நல்லபடியாகத் தேறினார். திரும்பிப் பார்த்தால், வருஷக்கணக்காக வாட்டிய அந்த அறிகுறிகள் எல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வீம்பு நல்லது என்பதல்ல இதன் பாடம். டாக்டர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்துவது ஆபத்து, அதைச் செய்யவே செய்யாதீர்கள். மொரிதாவும் தன் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. இத்தனை நாளும் அவர் அறிகுறியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அதனால் அது வளர்ந்தது. சண்டையை விட்டுவிட்டு வேலையில் இறங்கியதும் அதற்குத் தீனி கிடைக்கவில்லை. மேலே சொன்ன மைக் விஷயத்துக்கு அவர் ஒரு பெயரும் வைத்தார்: கவனமும் உணர்வும் ஒன்றையொன்று ஊதிப் பெரிதாக்கும் 'மன ஊடாட்டம்'. முளையில் கட்டிய கழுதையையும் உதாரணம் சொல்வார். விடுபட வேண்டும் என்று அது சுற்றிச் சுற்றி வர, கயிறு முளையில் இறுகி இறுகிக் கடைசியில் அசையவே முடியாமல் நின்றுவிடும்.

1919 வாக்கில் டோக்கியோவில் தன் வீட்டிலேயே நோயாளிகளைத் தங்கவைத்து சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். முதல் ஒரு வாரம் வெறும் படுக்கை. பேச்சு இல்லை, புத்தகம் இல்லை, பயம் வந்தால் வரட்டும் என்று அதோடேயே கிடக்க வேண்டும். பிறகு தோட்டத்தில் சின்ன வேலை, அப்புறம் கடின வேலை, கடைசியில் வழக்கமான வாழ்க்கை. அறிகுறி பற்றிப் புலம்பினால் காது கொடுக்க மாட்டார். தினமும் டைரி எழுதச் சொல்லி அதில் குறிப்பு எழுதித் தருவார். அவர் வைத்த மையச் சொல் 'அருகமாமா'. நம் காதுக்கு ஏதோ உறவுமுறை மாதிரி கேட்கும்; அர்த்தம் 'இருக்கிறபடியே'.

நம் ஹாஸ்டல் அறைக்கு இதைக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? நாளை மறுநாள் மேத்ஸ். "மனசு கொஞ்சம் அமைதியாகட்டும், அப்புறம் உட்காரலாம்" என்பதுதான் நாம் வழக்கமாகப் போடும் வரிசை. அதைத் தலைகீழாக்க வேண்டும். நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கட்டும். பழைய கொஸ்டின் பேப்பரில் ஒரு லாப்லாஸ் கணக்கை எடுத்து முதல் வரியை எழுதுங்கள். கை நடுங்கினால் நடுங்குகிற கையெழுத்திலேயே எழுதலாம், திருத்தப்போவது நீங்கள்தானே.

எபிசோடு விஷயம் இங்கேதான் சிக்கல். புத்தகத்தைத் திறந்ததும் பயம் வருகிறது, லேப்டாப்பைத் திறந்ததும் பயம் இறங்குகிறது. அந்த நிம்மதியே மூளைக்குப் பரிசு. புத்தகத்தைவிட்டு ஓடினால் பரிசு கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டுவிடும், மறுநாள் இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்லும். தெரபி டிராமாவில் கூடுதலாக இன்னொரு ஏமாற்று இருக்கிறது. திரையில் ஒருவர் அழுது, பேசி, குணமாவதைப் பார்க்கும்போது நமக்கே சிகிச்சை நடந்த மாதிரி ஒரு திருப்தி வருகிறது. நடந்தது அவருக்கு. அதனால் பாருங்கள், ஆனால் வேலை முடிந்த பிறகு, ஒரு ராத்திரிக்கு ஒன்று, ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு. மூன்று எபிசோடு மூன்று பேப்பருக்குக் கணக்காக வரும்.

படிப்பதிலும் ஒரு சின்னத் திருத்தம். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-ல் அமெரிக்க மாணவர்களிடம் செய்த சோதனையில், ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்ததை வெள்ளைத்தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்து? எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம், படித்தவர்கள் 42. எழுதிப் பார்க்கும்போது "ஒண்ணுமே தெரியலையே" என்று பயம் வரும். திரும்பப் படிப்பது சுகமாக இருக்கும். சுகமானதை நம்பித்தான் நாம் ஏமாறுகிறோம்.

ஆனால் மொரிதா எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலுமே ஆர்வமில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அங்கே "பயத்தோடு படி" என்பது கொடுமை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களில் ஒன்று, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது. உங்கள் கல்லூரியில் அந்த அறை எங்கே என்று பரீட்சைக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

என்.எச்.கே.யின் இன்னொரு தொடரையும் சொல்லிவிடுகிறேன், என் பார்வையில் 'ஷ்ரிங்க்'கைவிட ஒரு படி மேல். 2020-ல் நான்கு எபிசோடாக வந்தது, தலைப்பு 'மனக்காயத்தை ஆற்றுதல்' என்ற பொருளில் வரும். 1995 கோபே நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது முகாம்களில் மக்களோடு இருந்த அன் கத்சுமாசா என்ற நிஜ மனநல மருத்துவரின் வாழ்க்கையை வைத்து எடுத்தது. அவர் 39 வயதில் புற்றுநோயால் இறந்தார். மனதைப் பேணுவது என்றால் என்ன என்று தேடிக்கொண்டே போகும் அவர் கடைசியில் வந்துசேரும் பதில்: யாரையும் தனியாக விட்டுவிடாமல் இருப்பது. சுனாமி பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்த முகாம் காட்சிகள் புதிதாக இருக்காது.

அறைத்தோழன் மூன்று நாளாக மெஸ்ஸுக்கு வரவில்லை என்றால் கதவைத் தட்டி டீக்குக் கூப்பிடுங்கள். பேச்சு கையை மீறிப் போனால் கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவு என்றால் 14416, டெலி மானஸ். மத்திய அரசின் இலவச எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். கூப்பிடுவதற்குப் பெரிய வியாதி எதுவும் இருக்க வேண்டியதில்லை. நாளைக்கு தெர்மோ பரீட்சை, தூக்கம் வரலை என்பதே போதும்.