பழைய மகிழுந்து கற்பிக்கும் பாடம்

மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா 1985இல் அறிமுகமானது. தொடக்ககால சாகாவில் கார்புரேட்டரே பெட்ரோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்திற்கு அனுப்பியது. அமைப்பு எளியது என்பதால், அத்தகைய மகிழுந்தை இன்றும் வைத்திருப்போர் சிறு பழுதுகளைத் தாமே கண்டறியக் கற்றுக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, இயந்திரம் குளிர்ந்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். அதன் முனை வெளிர்பழுப்பாக இருந்தால், எரிபொருள் சீராக எரிகிறது. கரி படிந்திருந்தால், பெட்ரோல் மிகுதியாகவோ காற்று குறைவாகவோ செல்கிறது எனலாம். காற்று வடிகட்டியைத் தூசு அடைத்திருப்பதும் இதற்குக் காரணமாகலாம். காரணத்தை அறியாமல் பிளக்கை மட்டும் மாற்றினால், அதே பழுது மீண்டும் தலைகாட்டும்.

ஆயினும், ஆர்வம் ஆபத்தில் முடியக் கூடாது. ஜாக் மட்டுமே தாங்கி நிற்கும் மகிழுந்தின் அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. இயந்திரம் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், கொதிநீர் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும். பிரேக்கில் நேரும் சிறு தவறோ சாலையில் செல்லும் பிறரின் உயிரையும் பறித்துவிடலாம். எனவே, அப்பழுதைத் தேர்ந்த பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அவர் பழுதுபார்க்கும்போது அருகில் நின்று கவனிக்கலாம், அதுவும் கற்றலே.